கல்பின் நோயும் இரு கிதாபுகளும்

உடலுக்கு நோய் வந்தால் ஊரறியச் சொல்லுகிறோம்; உள்ளத்துக்கு நோய் வந்தால் வாசற்கதவைச் சாத்திக்கொள்கிறோம். காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, வரப்போகும் கேட்டினை எண்ணி உறக்கம் ஒழிகிறது என்று ஒருவர் முறையிட்டால், 'ஈமான் பலவீனம்' என்னும் தீர்ப்பே பலரிடமிருந்து கிடைக்கிறது. இத்தீர்ப்புக்கு நம் கிதாபுகள் சாட்சி சொல்லுமா? இரு நூல்களை எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'அல்முன்கித் மினள் ளலால்'. ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பக்தாது நிஜாமிய்யாவின் தலைமை ஆசானாகத் திகழ்ந்த இமாமவர்களுக்கு நேர்ந்ததை அவர்களே எழுதியுள்ளார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் உள்ளம் அலைக்கழிந்தது. மாணவர்முன் அமர்ந்தும் நா எழவில்லை. உணவு தொண்டையில் இறங்கவில்லை. வந்த மருத்துவர்கள், நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறது, அங்கிருந்தே உடலுக்குப் பரவியது என்று கண்டு கூறினர்.

இந்நூலின் சிறப்பு அதன் ஒளிவுமறைவின்மை. பேரறிஞர் ஒருவர் தம் நோயின் குறிகளை ஒன்றுவிடாமல் ஏட்டில் பதித்தார். அதனால் அவர்தம் மதிப்பு ஓர் இம்மியும் குறையவில்லை. ஆனால் நம் பயான்களில் இமாமவர்கள் துறவு பூண்டு புறப்பட்ட செய்தி முழங்குகிறது. மருத்துவர் வந்த செய்தி மறைகிறது. இது நூலின் குறையன்று, படிப்போரின் குறை. மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்று 'இஹ்யா'வில் வகுத்தவர்களும் இதே இமாமவர்களே.

எனினும் ஒன்றைச் சொல்லவேண்டும். பதவியைத் துறந்து, குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்து, ஷாம் தேசம் செல்லும் வழி எல்லார்க்கும் உரியதன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவுப்பணி பார்ப்பவரும், ஆவடியில் மாதத் தவணைக்கு அஞ்சி வாழ்பவரும் எங்கே புறப்படுவர்? அவர்களுக்கு வேறொரு நூல் வேண்டும்.

அந்நூல் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூஸைத் அல்பல்கீ அவர்களின் 'மஸாலிஹுல் அப்தானி வல் அன்ஃபுஸ்', உடல்நலத்துக்கு ஒரு பகுதியும் உள்ளநலத்துக்கு ஒரு பகுதியும் வகுத்தது. பின்னதில் எட்டு அதிகாரங்கள். சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஒவ்வொன்றுக்கும் தனி அதிகாரம். உடல்நோய் அண்டாமல் நெடுநாள் வாழ்வார் உண்டு, உள்ளநோய் தீண்டாதார் அரியர் என்பது அவர் கருத்து. உடலுக்கு மருந்து சேமிப்பதுபோல, அமைதியுள்ள காலத்திலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொல்கிறார். அஞ்சும் பொருளைக் கண்ணும் செவியும் பழகச் செய்வதே அச்சத்துக்கு மருந்து என்கிறார். இன்றைய மனநல மருத்துவரும் பதற்றநோய்க்கு இதனைப் படிப்படியாகச் செய்விக்கின்றனர்.

பல்கீ அவர்களின் நடையில் கஸ்ஸாலியின் கனல் இல்லை. உடலின் நால்வகைக் கலவை பற்றிய அவர் கொள்கையும் காலத்தால் கழிந்துபோனது. ஆயினும் நோயாளியை அவர் ஓரிடத்தும் குற்றவாளியாக்கவில்லை. இதுவே அந்நூலின் உயிர். இஸ்தான்புல் ஏட்டுச்சுவடியாக உறங்கிய இதனை 1984இல் புவாத் ஸெஸ்கின் படியெடுத்து வெளியிட்டார். உள்ளநலப் பகுதியை 2013இல் சூடானிய உளவியலறிஞர் மாலிக் பத்ரி ஆங்கிலமாக்கினார். தமிழில் நல்லதொரு பெயர்ப்பு வருமாயின் அது இல்லந்தோறும் இருக்கத் தக்கது.

பெருமானார் (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் இறைவனிடம் காவல் தேடினார்கள். அதே துஆவில் கடன்சுமையிலிருந்தும் காவல் தேடினார்கள். கடன்பட்டவரை ஈமான் குறைந்தவர் என்று நாம் சொல்வதில்லை. கவலை நோயுற்றவரை மட்டும் அவ்வாறு சொல்வது எந்த நீதி?

தீர்ப்பு தவறினால் விளையும் கேட்டையும் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடிக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றி மாண்டனர். போன உயிர்கள் 28. பின்னர் அதே ஏர்வாடி தர்காவில் துஆவுடன் மருந்தும் கிடைக்க அரசு வழிசெய்தது. ஓதிப்பார்ப்பதும் மருந்துண்பதும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பூவிருந்தவல்லியிலிருந்து கீழ்ப்பாக்கம் நெடுந்தொலைவன்று. 1794இல் தோன்றிய மனநல மருத்துவமனை அங்குள்ளது. ஆனால் அவ்வூர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதனால் அந்தச் சிறு தொலைவும் கடக்கவொண்ணாததாகிறது. பதற்றநோய் பித்தன்று, பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே குணமடைகின்றனர். 14416 என்னும் அரசுத் தொலைபேசியிற் பேசியும் முதல் ஆலோசனை பெறலாம். மருந்து பலன்தரச் சில வாரங்கள் ஆகும். நலம் கண்டவுடன் தாமாக நிறுத்தினால் நோய் மீளக்கூடும். ஆதலின் வீட்டார்க்கு வேண்டுவது பொறுமை; அப்பொறுமையும் இபாதத்தே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நோயை இறக்கியவன் ஷிஃபாவையும் இறக்கியுள்ளான். அதனைத் தேடிப் புறப்படும் சகோதரரை, சகோதரியைத் தலைகுனிய வைக்காதிருக்க வல்ல நாயன் நமக்கு அருள்புரிவானாக!