சொந்தத் திடல் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

2023-24 ஆசிய வெற்றியாளர் லீக்கின் பிரிவு ஆட்டங்களில் ஜொகூர் டாருல் தாக்சிம் (ஜேடிதி) அணி ஊரிலும் வெளியூரிலும் மும்மூன்று ஆட்டங்கள் ஆடியது. இஸ்கந்தர் புத்ரியின் சுல்தான் இப்ராகிம் அரங்கில் 6 கோல் போட்டு 3 கோல் வாங்கியது. வெளியூரில் போட்டது 5, வாங்கியது 10. தென்கொரியாவின் உல்சானை ஊரில் 2-1 என்று வென்ற அணி, உல்சானுக்குப் போய் 1-3 என்று தோற்றது. ஜப்பானின் கவாசாகி ஃபுரொன்டாலேயிடம் ஊரில் ஒரே கோலில் தோற்ற அணி, அங்கே போய் ஐந்து கோல் வாங்கித் திரும்பியது.

இந்தக் கணக்கைப் பார்க்கிற எந்த நிர்வாகிக்கும் ஓர் ஆசை எழும்: ஊரில்தான் வெல்கிறோம், அப்படியானால் வீரர்களை எடுப்பதிலிருந்து வியூகம் வகுப்பதுவரை எல்லாவற்றையும் ஊர்த் திடலுக்கு ஏற்றபடி செய்துவிடலாமே? ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது. ஜொகூரின் கதையில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

நியாயத்தை முதலில் பார்ப்போம். 2020 பிப்ரவரிவரை ஜொகூர் காற்பந்தின் வீடு 1964-இல் திறக்கப்பட்ட லார்க்கின் அரங்கம். புதிய அரங்கான சுல்தான் இப்ராகிமில் ஏறத்தாழ 40,000 பேர் அமரலாம். ஆனால் ஆட்டத்தைப் பொறுத்தவரை இருக்கைகளைவிட முக்கியமானது தரையில் விரித்த புல். மலேசியாவின் பல திடல்களில் நெடுங்காலமாக இருப்பது அகன்ற இலை கொண்ட மாட்டுப்புல். அதில் பந்து தடுக்கும், எழும்பும், வேகம் இழக்கும். மழை பெய்துவிட்டால் இன்னும் மோசம். ஜேடிதி தேர்ந்தெடுத்தது மெல்லிய இலையோடு அடர்ந்து வளரும் ஸியோன் சோய்சியா. அதன்மேல் தரையோடு தரையாகத் தட்டிவிட்ட பந்து நினைத்த இடத்துக்கு, நினைத்த வேகத்தில் போய்ச் சேரும்.

ஒரு பயிற்றுநருக்கு இது சின்ன விஷயமில்லை. தற்காப்பு வரிசையிலிருந்தே குறும்பாஸ்களாகக் கட்டி எழுப்பும் ஆட்டத்தை, பந்து எப்படித் துள்ளும் என்று தெரியாத தரையில் கற்றுக்கொடுக்க முடியாது. பந்தை நிறுத்தவே ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்பட்டால் எதிரணி அதற்குள் வந்து மறித்துவிடும். அரிஃப் ஐமான் போன்ற ஓரத்து ஆட்டக்காரர், ஓடுகிற ஓட்டத்திலேயே பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு எதிராளியைத் தாண்டுவதற்கும் தரை துணை நிற்க வேண்டும். கிடைத்த திடலுக்கு ஏற்ப ஜொகூர் தன் ஆட்டத்தை வளைத்துக்கொள்ளவில்லை. ஆட விரும்பிய ஆட்டத்துக்கு ஏற்பத் திடலை அமைத்துக்கொண்டது. இந்த வரிசைதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். தலைநகரின் புக்கிட் ஜாலில் அரங்கமும் பல குறைகூறல்களுக்குப் பிறகு 2023-இல் இதே வகைப் புல்லுக்கு மாறியதை நாட்டின் காற்பந்துக்குக் கிடைத்த நன்மையாகவே கருதுகிறேன்.

பலனும் கண்முன் தெரிந்தது. 2022 ஏப்ரலில் ஆசிய வெற்றியாளர் லீக்கில் தங்கள் பிரிவின் எல்லா ஆட்டங்களும் ஜொகூர் பாருவிலேயே நடந்தபோது, பயிற்றுநர் பெஞ்சமின் மோராவின் அணி உல்சானை இரண்டு முறையும் 2-1 என்று வென்று பிரிவில் முதலிடம் பிடித்தது. எந்த மலேசிய அணியும் அதற்கு முன் அந்தப் போட்டியின் வெளியேற்றச் சுற்றை எட்டியதில்லை. ஆனால் அதே பிரிவில், அதே புல்லில், அதே புழுக்கத்தில் கவாசாகி ஐந்து கோல் போட்டுவிட்டுப் போனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னோர் எதிரணியான குவாங்சோ அனுப்பியது இளையோர் அணியை என்பதும் கணக்கில் வர வேண்டும். ஆகஸ்டில் சைத்தாமாவுக்குப் போனபோது உராவா ரெட் டயமண்ட்சிடம் 0-5.

குறை இங்கேதான் தொடங்குகிறது. ஊர்த் திடல் தரும் சாதகத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று நம் ஆட்டத்தின் தரத்தை உயர்த்துவது. நல்ல புல், தெரிந்த அளவுகள், பயண அலுப்பில்லாத கால்கள் எல்லாம் இதில் அடங்கும். மற்றொன்று எதிராளியின் ஆட்டத்தைக் கெடுப்பது. வெப்பம், ஈரக்காற்று, ஆரவாரம் இந்த வகை. முதல் வகையின் பலனில் ஒரு பகுதியாவது, அதில் கற்ற நுட்பமாக, நம்மோடு விமானம் ஏறும். இரண்டாவது வகை ஊரிலேயே தங்கிவிடும். அதோடு, அது எல்லா எதிராளியிடமும் பலிப்பதும் இல்லை.

2024-25 ஆசியப் போட்டியில் இது வெளிச்சமானது. ஷாங்காய் ஷென்ஹுவா 3-0, உல்சான் 3-0, போஹாங் 5-2 என்று வடக்கிலிருந்து வந்தவர்களை ஜேடிதி சொந்த அரங்கில் வரிசையாக வீழ்த்தியது. பிறகு 2025 மார்ச்சில், வெளியேற்றச் சுற்றில், தாய்லாந்தின் புரிராம் வந்தது. முதல் ஆட்டம் புரிராமில் கோலின்றி முடிந்திருந்ததால், இரண்டாவது ஆட்டத்தைச் சொந்த அரங்கில் ஆடுவது பெரிய சாதகம் என்றே எல்லோரும் கணக்குப் போட்டார்கள். புரிராம் 1-0 என்று வென்று காலிறுதிக்குப் போனது. நம் வெயில்தான் அவர்களுக்கும் வெயில், நம் மழைதான் அவர்களுக்கும் மழை. அன்றைய தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வானிலையை நம்பி வகுத்த எந்தத் திட்டமும் அண்டை நாட்டு அணியிடம் செல்லாக்காசு.

கிரிக்கெட்டிலும் இதே பாடம் உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் சேப்பாக்கத்தின் மெதுவான ஆடுகளத்துக்கென்றே சுழற்பந்து வீச்சாளர்களைச் சேர்த்துக் கோட்டை கட்டிய அணி. 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டத்தோடு நிறுத்தி, மற்ற உள்ளூர் ஆட்டங்களைப் பூனேயில் ஆட நேர்ந்தது. அந்த ஆண்டு ஐபிஎல் கோப்பையையே வென்றார்கள். 2025-இலோ அதே சேப்பாக்கத்தில் பெங்களூருவிடம் 2008-க்குப் பிறகு முதன்முறையாகத் தோற்றார்கள். கொல்கத்தாவின் சுழலில் சிக்கி 103 ரன்னில் முடங்கினார்கள். சுழலுக்கென்று வைத்த களத்தில் எதிரணியின் சுழல் அன்று மேலோங்கியிருந்தது.

எல்லைவரை போய்ப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். டோனி புலிஸ் பயிற்றுவித்த இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி, ரோரி டெலாப்பின் நெடுந்தூரப் பந்தெறிதலுக்காகத் திடலின் அகலத்தையே குறைத்தது. பொலிவியா 3,600 மீட்டர் உயரத்து லா பாஸில் 2009-இல் மரடோனா பயிற்றுவித்த அர்ஜென்டினாவை 6-1 என்று வென்றது. 2024-இல் இன்னும் மேலே ஏறி, 4,000 மீட்டருக்கு மேலுள்ள எல் ஆல்டோவை வீடாக்கிக்கொண்டது. அங்கே வெனிசுவேலாவை 4-0 என்று வென்ற அணி, அடுத்த மாதமே புவெனஸ் அய்ரஸில் 0-6 என்று தோற்றது. மலையில் ஆடக் கற்றவர்களுக்குச் சமவெளிக்கென்று ஓர் ஆட்டம் இல்லாமல் போனது வருத்தமான விஷயம்.

ஜொகூரின் சொந்த நினைவிலேயே மாற்றுப் பாடங்கள் இருக்கின்றன. 1997 நவம்பர் 16 அன்று லார்க்கினில் ஜப்பானும் ஈரானும் உலகக் கிண்ணத் தகுதிக்காக மோதின. இருவருக்கும் அது அந்நியத் திடல். களைத்த கால்களைக் கணக்கிட்டு, கூடுதல் நேரத்தில் மின்னல் வேக ஒக்கானோவை இறக்கினார் பயிற்றுநர் ஒகாடா. அவர் போட்ட தங்க கோல்தான் ஜப்பானை முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்கு அனுப்பியது. ஜேடிதியின் ஆகப் பெரிய கிண்ணமான 2015 ஏஎஃப்சி கிண்ணமும் ஊரில் வென்றதல்ல. தஜிகிஸ்தானின் துஷான்பேயில், இஸ்திக்லோலின் சொந்த ரசிகர்கள் முன்னால் 1-0 என்று வென்றது.

ஆகவே சுல்தான் இப்ராகிம் அரங்கம் பயிற்சியின் தொடக்கப் புள்ளியாக இருக்கட்டும். அந்தப் புல்லில் கற்ற பாஸ் ஆட்டத்தை யாரும் கைவிட வேண்டியதில்லை. சேர்க்க வேண்டியது அங்கே கிடைக்காத பயிற்சி. உள்நாட்டு லீக்கில் பெரும்பாலான அணிகள் ஜேடிதிக்கு எதிராகப் பின்வாங்கி நின்று தடுக்கின்றன. அதனால் பந்தைப் பறிகொடுத்துவிட்டு அரைமணி நேரம் ஒழுங்காகத் தற்காத்து நிற்கும் சோதனை நம் வீரர்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது. கவாசாகியும் உராவாவும் தண்டித்தது அந்தப் பழக்கமின்மையைத்தான். பருவத்துக்கு முந்தைய முகாமை வெப்பநாட்டில் வைக்காமல் குளிர்நாட்டில் வைப்பதும், அங்கே தம்மைவிட வலிய அணிகளோடு நட்புமுறை ஆட்டங்கள் ஆடுவதும், வெளியூர்ப் பயணத்துக்கென்று தனியாக ஒரு தற்காப்பு வடிவத்தை ஊரிலேயே வாராவாரம் பழகுவதும் செலவு மிக்கவைதான். புல்லுக்கே அத்தனை அக்கறை காட்டிய கழகத்துக்கு இது முடியாத காரியமில்லை.