கெர்னலை வேரோடு பிடுங்கலாமா?

இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கைவண்ணத்தை ரசிக்க ஹட்டனைப் போல் தோதான ஊர் கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் போய்ப் போய் வரும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வருகிற கம்ப்யூட்டர் வகுப்புகளில் பென்டியம் காலத்துப் பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். கட்டுரையைத் தட்டிக்கொண்டிருக்கையிலேயே திரை அணைந்துவிடும். கரண்ட் வந்ததும் லினக்ஸ் கெர்னல் கறுப்புத் திரையில் வரி வரியாகப் பேசிக்கொண்டே எழும்: நினைவகம் இவ்வளவு, வட்டு இது. நடுவில் ஒரு வரி, ஜர்னலை மீட்டாயிற்று என்று. எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்ற கணக்கை மாற்றுமுன் அந்த மாற்றத்தைத் தனியே குறித்துவைத்துக்கொள்வது கெர்னலின் வழக்கம். சேமிக்காத பத்தி போனது போனதுதான். வட்டின் கணக்கு மட்டும் குழம்பாது. கண் சிமிட்டினால் தவறிவிடும் அந்த ஒரு வரிக்காகவே நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த லினக்ஸ் பிறந்து அரை வருடம்கூட ஆகாத 1992 ஜனவரியிலேயே அதைக் காலாவதியானது என்றார் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம். டிரைவர், கோப்பு முறைமை, வலையமைப்பு எல்லாவற்றையும் ஒரே உடம்புக்குள் அடைப்பது 1970களுக்குத் திரும்புவது என்பது அவர் வாதம். அவருடைய மினிக்ஸ் மைக்ரோகெர்னல் வகை. செயலியில் யாருக்கு முறை என்று பார்ப்பது, செய்தி கடத்துவது போன்ற அடிப்படை வேலைகளே நடுவில். மற்றதெல்லாம் வெளியே தனித்தனி நிரல்கள். ஒன்று விழுந்தால் அதை மட்டும் எழுப்பினால் போதும்.

வரைபடமாகப் பார்த்தால் இதுதான் அழகு, மறுக்கமாட்டேன். 2009இல் எஸ்இஎல்4 என்ற மைக்ரோகெர்னலின் சுமார் 8,700 வரி சி நிரல், சொன்னதைத்தான் செய்கிறது என்று கணித முறையில் நிரூபித்தே காட்டினார்கள். 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்ட லினக்ஸுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. எல்லாவற்றையும் உள்ளே விடுவதன் விலையும் சின்னதல்ல. 2024 ஜூலை 19 அன்று, விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடிய கிரவுட்ஸ்ட்ரைக் நிரல் பழுதான ஒரு அப்டேட்டால் சுமார் 85 இலட்சம் கணினிகளைச் சாய்த்தது.

அப்படியானால் பழையதைப் பிடுங்கிவிடலாமா? இதில் தோட்டத்து ஆட்களுக்கு என்னைவிட அனுபவம் அதிகம். விதைத் தேயிலை மலையைப் பிடுங்கி, கொப்பு வெட்டி வளர்த்த வி.பி. கன்று நடுவதென்றால், முதலில் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணை ஆறவிட வேண்டும். கன்று வைத்த பிறகும் கொழுந்து காண வருடங்கள் ஆகும். அதுவரை அந்த மலையில் ஒரு கிலோகூட எடுக்க முடியாது. இன்னொரு வழி, பட்டுப்போன தூர்களின் இடத்தில் மட்டும் தவறணையில் வளர்த்த கன்றை வைப்பது. 1990இல் தொடங்கிய குனூ ஹர்ட் கெர்னல் முதல் வழியில் போனது, அதன் 1.0 பதிப்பு இன்னும் வரவில்லை. லினக்ஸ் இரண்டாவது வழியில் போனது.

அந்த வேலையின் நேர்த்தியை ‘பெரிய பூட்டு’ கதையில் பார்க்கலாம். 1996இல் 2.0 பதிப்பு பல செயலிகளை ஏற்றபோது, கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு. ஒரு செயலி உள்ளே இருந்தால் மற்றவை வாசலில் நிற்க வேண்டும். பிறகு அந்தந்த இடத்துக்கென்று சின்னச் சின்னப் பூட்டுகள் வந்தன. பெரிய பூட்டு பிடிக்கும் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2011இல் 2.6.39 பதிப்பில் அது முற்றாகப் போயிற்று. பதினைந்து வருட வேலை. அவ்வளவு காலமும் வங்கிகளும் சர்வர்களும் அதன் மேலேயே ஓடிக்கொண்டிருந்தன. பயனரின் நிரல் உடையக்கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பிடிவாதம். அதை மீறியவர்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. 2022இல் 6.1 பதிப்புக்குள் ரஸ்ட் மொழி வந்ததும் இதே நிதானத்தில்தான்.

முழுசாக மாற்றிவிட முடிகிற இடமும் உண்டு. 2021இல் கூகுள், நெஸ்ட் ஹப் கருவியில் லினக்ஸை எடுத்துவிட்டு ஃபியூஷா இயங்குதளத்தை, அதன் ஸிர்கான் கெர்னலோடு வைத்தது. வீட்டில் வைத்திருந்தவர்களுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. கருவியும் கூகுளுடையது, மென்பொருளும் கூகுளுடையது. ஆனால் அண்ணன் கொழும்பில் வாங்கித் தந்த பெயரில்லாத வைஃபை டொங்கிளையும், எங்கோ கழித்துக் கட்டிய பிரின்டரையும் செருகினால் புதுக் கெர்னல் திருதிருவென்று விழிக்கும். அந்த டிரைவர்களை யார் யாரோ முப்பது வருடமாக எழுதிச் சேர்த்த இடம் லினக்ஸ். அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

டானன்பாம் தோற்றார் என்று எழுதுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 2015க்குப் பிறகு வந்த பெரும்பாலான இன்டெல் கணினிகளில் லினக்ஸ் போட்டாலும், அதற்கும் அடியில், சிப்பின் மேலாண்மைப் பகுதியில், மினிக்ஸ்தான் ஓடுகிறது. 2017இல் செய்தி வெளியானபோது பேராசிரியர் இன்டெலுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். காசு கேட்கவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பதுதான் அவர் ஆதங்கம்.