நடுக்கோட்டைத் தாண்டாத கால்

எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் முடிந்த இரவிலிருந்து எல்லோரும் ஒரே ஆளைத்தான் வறுத்தெடுக்கிறார்கள். கோல் வாய்ப்பைக் கோட்டைவிட்டவரை அல்ல, நடுவரையும் அல்ல. நான் ஆதரித்த அணியின் இடது ஃபுல்பேக்கை. "ஏறவே இல்லை." "பயந்துட்டான்." "பத்துப் பேரோடு ஆடின மாதிரி இருந்தது." கால்பந்தை நன்றாகத் தெரிந்தவர்களே இப்படிப் பேசுவதுதான் என் வருத்தம். அன்று வெம்ப்ளியில் ஆகத் துணிச்சலான முடிவுகளை எடுத்தவர் அவர்தான். அந்த முடிவுகள் எல்லாமே 'போகாதே' என்பதாக இருந்ததால், அவர் முடிவு எடுத்ததே யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டாம் பாதியில் வந்த ஒரு காட்சியைப் பதிவில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். வலது பக்கம் நம் தாக்குதல் சூடு பிடித்திருந்தது. விங்கர் பந்தோடு உள்ளே வெட்டுகிறார். வலது ஃபுல்பேக் அவரைச் சுற்றிக்கொண்டு கோல்கோடு வரை ஓடுகிறார். நடுக்களத்தில் இருந்த இருவர் பெனால்டி பகுதிக்குள் நுழைந்துவிட்டார்கள். இந்தப் பக்கம், இடது ஓரம் முழுக்கக் காலி. பார்க்கிற யாருக்கும் கால் பரபரக்கும். நானும் "ஏறு, ஏறு" என்று கத்தினேன்.

அவர் ஏறவில்லை. நடுக்கோட்டுக்கு இரண்டு அடி இந்தப் பக்கமே நின்றார். பந்தும் தெரிய வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருப்பவனும் தெரிய வேண்டும் என்பதற்காக உடம்பைப் பாதி திருப்பி வைத்திருந்தார். தலை இரண்டு தடவை தோளுக்கு மேல் திரும்பியது. இடது உள்ளங்கையைத் தரை பார்க்க விரித்து, பக்கத்து சென்டர் பேக்கிடம் எதையோ கீழே அழுத்துவது போல ஒரு சைகை காட்டினார். அங்கேயே நில் என்று அர்த்தம். கிராஸ் வந்தது, எதிரணித் தடுப்பாட்டக்காரர் தலையால் முட்டி வெளியே தள்ளினார். அவர்களுடைய நடுக்கள ஆட்டக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஒரே உதையில் தங்கள் வலது விங்கரை நோக்கி அனுப்பினார். பந்து வந்த வழியில் நம் ஆள் நின்றார். நெஞ்சில் வாங்கி இறக்கி, நடுக்களத்துக்கே திருப்பிக் கொடுத்தார். நம் தாக்குதல் அப்படியே தொடர்ந்தது. தொலைக்காட்சி ரீப்ளேயில் அந்தக் கிராஸைத்தான் காட்டினார்கள்.

அவர் ஏன் சரியாக அந்த இடத்தில் நின்றார்? ஆஃப்சைடு விதியில் இருக்கிறது பதில். தன் சொந்தப் பாதியில் நிற்கும் ஆட்டக்காரருக்கு ஆஃப்சைடு கிடையாது. எதிரணி விங்கர் அதை நன்றாக அறிந்தவர். பந்து அவர்கள் கோல் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தபோதும் அவர் பின்னால் இறங்கி உதவவில்லை. நடுக்கோட்டை ஒட்டித் தன் பாதியிலேயே காத்துக்கொண்டிருந்தார். வெம்ப்ளி ஆடுகளத்தின் நீளம் 105 மீட்டர். அவருக்கும் நம் கோல்கோட்டுக்கும் இடையே ஐம்பது மீட்டருக்கு மேல் திறந்த வெளி. நம் ஃபுல்பேக் ஏறியிருந்தால் அந்தப் பந்து விங்கர் காலில் போய் விழுந்திருக்கும். சென்டர் பேக் ஒருவர் அவரைத் துரத்தி டச்லைன் வரை போயிருப்பார், கோல் முன்னால் மிச்சம் ஒருவர். அப்புறம் நடப்பது என்ன என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பழக்கத்தில் ஏறுகிற ஃபுல்பேக்குகள் நிறைய. பந்து எதிர் ஓரத்தில் இருந்தால் போ என்று பன்னிரண்டு வயதிலேயே பயிற்சியில் ஊட்டிவிடுகிறார்கள், கால் தானாக ஓடும். நிற்பதை அப்படி ஊட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். மறுபக்க ஃபுல்பேக் போய்விட்டாரா? சென்டர் பேக்குகளுக்கு முன்னால் நிற்க வேண்டியவர் இடத்தில் இருக்கிறாரா? கிராஸ் போடப்போகிறவர் எந்தக் காலில் போடுவார், முட்டி வெளியே வரும் பந்து எந்தப் பக்கம் விழும்? விங்கர் களைத்திருக்கிறாரா, நடிக்கிறாரா? இத்தனைக்கும் இரண்டு மூன்று விநாடிதான். அரங்கத்தில் 90,000 பேர் உட்காரலாம். பாதிப் பேர் 'ஏறு' என்று கூச்சல் போடும்போது இந்தக் கணக்கைப் போட்டு, காலைப் பிடித்து நிறுத்துவதற்குப் பயம் என்று பெயர் வைப்பது அநியாயம்.

ஒரு காலத்தில் இது கேள்வியாகவே இருந்ததில்லை. இறுதியாட்டம் வெம்ப்ளிக்கு வந்த 1923-ல் ஓர் அணிக்கு இரண்டே ஃபுல்பேக்குகள், இருவருக்கும் தடுப்பதுதான் வேலை. 1925-ல் ஆஃப்சைடு விதி தளர்ந்து, தாக்குபவருக்கு முன்னால் மூன்று பேர் வேண்டும் என்பது இரண்டாகக் குறைந்தது. சென்டர் ஹாஃப் பின்னால் இறங்கினார், ஃபுல்பேக்குகள் விங்கர்களைப் பார்த்துக்கொள்ள ஓரத்துக்கு விலகினார்கள். அங்கிருந்து அவர்கள் மேலே ஏறத் தொடங்கியதெல்லாம் பிறகு வந்த கதை. இப்போது உள்ளே வந்து நடுக்களத்தில் ஆடும் ஃபுல்பேக்கைக்கூட நாம் கொண்டாடுகிறோம். பெயரில் இருக்கும் 'பேக்' மட்டும் மறந்துபோய்விட்டது.

ஃபுல்பேக் காக்கும் அந்த ஓரம் காலியானால் இறுதியாட்டத்தில் என்ன ஆகும் என்பதற்கு வெம்ப்ளியே சாட்சி. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் இறுதியாட்டத்துக்கு இறுதியாட்டம் யாராவது அடிபட்டு முடங்கினார்கள். வெம்ப்ளி சாபம் என்றே பேசப்பட்டது. அந்தப் பட்டியலில் நான்கு ஆண்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள்: 1952, 1955, 1960, 1961. நான்கிலும் முதல் பாதியிலேயே அடிபட்டவர் ஒரு ஃபுல்பேக். மூவர் களத்தை விட்டே வெளியேறினார்கள், ஒருவர் நொண்டிக்கொண்டே ஓரத்தில் நின்றார். அப்போது மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இடம் தரவில்லை. நான்கு அணிகளும் தோற்றன. ஆள் குறைந்தால் எந்த அணிக்கும் கஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு அகலமான களத்தில் ஓர் ஓரத்தை ஆளில்லாமல் விட்டால், மிச்சமுள்ளவர்கள் அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடியே தீர்ந்துபோவார்கள். அடிபட்டதால் காலியான ஓரமும், ஆள் ஏறிப்போனதால் காலியான ஓரமும் விங்கருக்கு ஒன்றுதான்.

லீக் ஆட்டத்தில் நம் இடது ஃபுல்பேக்கும் ஏறுகிறவர்தான். இந்தப் பருவம் முழுக்க ஏறினார், நாம் கைதட்டினோம். லீக்கில் 38 ஆட்டங்கள். ஒரு சனிக்கிழமை முதுகுக்குப் பின்னால் கோல் வாங்கினால் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம். இந்தக் கோப்பை அப்படியல்ல. 1871-72-ல் 15 கிளப்புகளோடு தொடங்கிய போட்டியில் இன்று 700-க்கும் மேற்பட்ட கிளப்புகள் மோதுகின்றன. கடைசியில் மிஞ்சும் இரண்டுக்கும் ஒரே ஆட்டம். முன்பெல்லாம் சமன் ஆனால் மறு ஆட்டம் உண்டு. இறுதியாட்டத்துக்குக் கடைசியாக மறு ஆட்டம் நடந்தது 1993-ல். 2005-ல் முதன்முறையாக பெனால்டி ஷூட்அவுட்டில் கோப்பை முடிவானது. 2024-25 பருவத்திலிருந்து, தகுதிச் சுற்றுகளைத் தாண்டிவிட்டால் எந்தச் சுற்றிலுமே மறு ஆட்டம் கிடையாது. இவ்வளவு இறுகிப்போன போட்டியில், மே மாத வெயிலில், கூடுதல் நேரம் முப்பது நிமிடத்துக்கும் சேர்த்துக் காலில் தெம்பு வைத்திருக்க வேண்டிய ஓர் ஆள் அளந்து அளந்து ஓடினார். அது குற்றமா?

அவர் நின்றதற்கு ஒரு விலை இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவருக்கு முன்னால் ஆடிய நம் இடது விங்கர் பாவம், பல தடவை இரண்டு பேரிடம் தனியாக மாட்டிக்கொண்டார். துணைக்கு ஓர் ஓட்டம் கிடைத்திருந்தால் ஒருவரையாவது இழுத்துப்போயிருக்கும். பயிற்சியாளர் நடுக்களத்திலிருந்து ஒருவரை அந்த ஓரத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. ரசிகர்களின் கோபம் அங்கே போயிருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன்.

இனி வரப்போவது என்ன? என் கணிப்பு இது. ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் வந்த பிறகு, எழுபதாவது நிமிடத்தில் புதுக் கால்களோடு ஒரு வேகமான விங்கரை இறக்குவது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. அதற்கு முறிவு, ஓர் ஓரத்தில் மட்டும் ஆளைக் கட்டிவைப்பது. அடுத்த பருவத்தில் பெரிய கோப்பை ஆட்டங்களில் ஒரு பக்கம் ஏறுகிற ஃபுல்பேக், மறுபக்கம் சென்டர் பேக் உடல்வாகு கொண்ட ஒருவர் என்று அணிகள் இறங்குவதை நீங்கள் பார்ப்பீர்கள். அரையிறுதிக்குள் அதற்கு ஒரு கவர்ச்சியான பெயரும் சூட்டிவிடுவார்கள். இன்று இவரைத் திட்டுபவர்களே அன்று அதைப் பயிற்சியாளரின் மேதைமை என்று எழுதுவார்கள்.

நம் அணி மறுபடி இறுதிக்கு வரும், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இதே ஆள், இதே இடத்தில், நடுக்கோட்டுக்கு இரண்டு அடி இந்தப் பக்கம் நிற்பார். முதல் பாதியில் அரங்கம் முணுமுணுக்கும். எதிரணி விங்கர் நாற்பது நிமிடம் அவரைக் கண்காணிப்பார், ஐம்பதாவது நிமிடத்தில் கண்காணிப்பதை விட்டுவிடுவார், அறுபதில் அவர் இருப்பதையே மறந்துபோவார். எழுபத்தைந்தைத் தாண்டி எங்கோ ஓரிடத்தில், பந்து வலது ஓரத்தில் இருக்கும்போது, அந்த இடது கால் கோட்டைத் தாண்டும். ஒரே ஒரு தடவைதான். அவரைத் துரத்திப் பின்னால் ஓட யாரும் இருக்க மாட்டார்கள்.