மூளை கொட்டிய முரசு

1965 மே மாதம். அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ரோஸ் கலைக்கூடம். இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் தலையில் மின்முனைகளோடு கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் முரசுகளும் தாளத் தட்டுகளும். அவற்றை ஒட்டி ஒலிபெருக்கிகள். மூளை அலைக் கருவியைத் தந்து உதவியவர் விமானப்படை ஆய்வுக்கூட இயற்பியலாளர் எட்மண்ட் டிவான். ஆல்ஃபா அலை நொடிக்குச் சுமார் பத்து அதிர்வு. நம் காதுக்கு எட்டாது. பெருக்கி அனுப்பினால் ஒலிபெருக்கியின் கூம்பு துடிக்கும், அந்தத் துடிப்பில் முரசின் தோல் அதிரும். ஆனால் கண்ணைத் திறந்து எதையாவது உற்றுப் பார்த்தால் அலை அடங்கிவிடும். வாசிக்க முனைந்தால் வாசிப்பு நின்றுபோகும். சும்மா இருப்பதுதான் அங்கே சாதகம்.

‘கலையும் நரம்பியலும்’ என்ற பெயரில் பிறகு வந்தவற்றில் பாதி எனக்கு அலுப்புத் தட்டுகிறது. ஸ்கேன் படத்துக்கு வண்ணம் பூசிச் சட்டம் போட்டு மாட்டுவது கூட்டுமுயற்சி ஆகாது. நரம்பணுக்களின் அழகைத்தான் ஓவியனாக ஆசைப்பட்டு மருத்துவம் படிக்க நேர்ந்த ரமோன் இ கஹால் நூறாண்டுக்கு முன்பே தன் கையால் வரைந்துவிட்டாரே!

சார்ல்ஸ் லிம்ப் செய்தது வேறு ரகம். காது அறுவை மருத்துவர், ஜாஸ் பித்தர். மனோதர்மத்தின்போது மூளையில் என்ன நடக்கிறது என்பது அவர் கேள்வி. அதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. கருவி வேண்டும். அதன் காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு போகக்கூடாது. அதனால் 35 பிளாஸ்டிக் கட்டைகள் கொண்ட கீபோர்டு ஒன்றைச் செய்யவைத்தார். மல்லாந்து படுத்த கலைஞர் அதை மடியில் வைத்து, கண்ணாடியில் தன் விரல்களைப் பார்த்தபடி வாசித்தார். 2008இல் வெளியான முடிவு: தன்னைத் தானே கண்காணிக்கும் முன்மூளைப் பகுதிகள் பல, மனோதர்மம் பாயும்போது ஓய்கின்றன. ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் ஆறே பேர். அதோடு, குழாய்க்குள் தனியே கிடப்பவனுக்கு எதிர்ப்பாட்டு ஏது? லிம்ப் குழுவுக்கும் அந்தக் குறை உறைத்திருக்க வேண்டும். 2014 ஆய்வில், வெளியே இருக்கும் ஒருவரோடு நான்கு நான்கு தாள அளவாக மாற்றி மாற்றி வாசிக்கவைத்தார்கள். நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைத்துக் குறைத்துப் பேசிக்கொள்வதற்கு ஒன்றுவிட்ட உறவு அது.

என் பார்வையில், கலை இல்லாமல் அறிவியல் நகர்ந்தே இருக்க முடியாத இடம் லண்டனில் பியாட்ரிஸ் கால்வோ-மெரினோ, பேட்ரிக் ஹேகார்டு குழு நடத்திய ஆய்வுகள்தான். பாலே கலைஞர்களுக்கும் கபோய்ரா ஆட்டக்காரர்களுக்கும் இரண்டு ஆட்டங்களின் வீடியோவையும் காட்டினார்கள். தான் ஆடும் வகையைப் பார்த்தபோது மூளையின் அசைவுப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. இது 2005. ஆனால் பழகிய உடம்பு காரணமா, பழகிய கண்ணா? பிரித்துக் காட்ட எந்தக் கருவியாலும் முடியாது. பாலேயின் மரபால் முடிந்தது. அதில் சில அசைவுகள் ஆண்களுக்கே உரியவை, சில பெண்களுக்கே. ஒத்திகையில் ஒருவர் அசைவை மற்றவர் நாள்தோறும் பார்க்கிறார், ஆடுவதில்லை. 2006இல் அதையே சோதித்தார்கள். தன் உடம்பு ஆடிய அசைவுக்குத்தான் மூளை கூடுதலாக எழுந்து நின்றது. எதிரே நின்று ஆயிரம் முறை பார்த்த அசைவுக்கு அந்த அளவு இல்லை.