கையில் ஸ்பேனர் இல்லாத கதைகள்

மலேசியாவில் மெக்கானிக்குக்கு நாம் வைத்திருக்கும் பெயர் போமன். ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரைக் குறிக்கும் ஃபோர்மன், மலாய்ப் பேச்சில் போமனாகி, ஸ்பேனர் பிடிக்கும் எல்லாருக்கும் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. சம்பளம்தான் உயரவில்லை. இவ்வளவு கேலியை உள்ளே வைத்திருக்கும் இந்தச் சொல்லை நம் சிறுகதைகளில் நான் பார்த்தது அபூர்வம்.

தோட்டத்துக்கு நம்மிடம் கதைகள் உண்டு. அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார்; இங்கேயே பிறந்தவர்கள் அதைவிட நெருக்கமாக எழுதினார்கள். பால்வெட்டுக் கத்தி பட்டையில் எப்படி இறங்க வேண்டும் என்பது மரம் சீவியே பழகாத எனக்குக்கூடக் கதைகள் வழியாகத் தெரியும். பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் தாமானாகின, நெடுஞ்சாலையாகின. அந்த மண்ணைப் புரட்டிய எக்ஸ்கவேட்டரை ஓட்டியவர்களிலும், அது படுத்துவிட்டால் எழுப்பப் போனவர்களிலும் தோட்டத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். தாத்தா நட்ட மரத்தைச் சாய்த்த மெஷினுக்குப் பேரன் கிரீஸ் அடித்திருக்கிறான். இதைவிடப் பெரிய கதை நமக்கு எங்கே கிடைக்கும்? நாமோ தோட்டத்து வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்துவிட்டோம்.

கதைக்குள் மெக்கானிக் வந்தாலும் எப்படி வருகிறார்? கையில் கறுப்பு எண்ணெய். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி. தவுக்கே திட்டுகிறார். கடைசிப் பக்கத்தில் இயந்திரம் அவர் மேல் விழுகிறது. அது என்ன இயந்திரம், எந்தப் பாகம் கெட்டது, ஏன் விழுந்தது? எழுத்தாளருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. இந்த மாதிரிக் கதைகளைப் போட்டிகளுக்கு வாசிக்கும்போது எனக்கு ஆள் மேல் இரக்கம் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. இருபது வருடம் ஒரு வேலையைச் செய்தவனுக்கு அந்த வேலையைப் பற்றிச் சொல்ல ஒரு வரிகூட இருக்காதா என்ன?

பிரிமோ லெவி 1978இல் எழுதிய 'லா கியாவே ஆ ஸ்தெல்லா'வை இளம் எழுத்தாளர்கள் தேடிப் படிக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். 1979இல் இத்தாலியின் ஸ்ட்ரேகா பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் 'தி மங்கீஸ் ரெஞ்ச்' என்ற பெயரில் கிடைக்கிறது. ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பி, ஏறக்குறைய முப்பது வருடம் பெயிண்ட் தொழிற்சாலையில் வேதியியலாளராக இருந்தவர் லெவி. இந்த நாவலில் ஃபவுஸோனே என்ற ஆள், நாடு நாடாகப் போய் கிரேனும் பாலமும் பூட்டுபவன், பேசிக்கொண்டே இருக்கிறான். கதைசொல்லி கேட்கிறார். அவ்வளவுதான் கதை. இந்தியாவில் அவன் வேலை பார்த்த பாலம் ஒன்று கண்ணெதிரே சரிகிறது. அதைச் சொல்லும்போதும் கம்பி எப்படி முறுகியது, காற்று எப்படி அடித்தது என்றுதான் சொல்கிறான். துக்கம் அந்த விவரத்துக்குள்ளேயே இருக்கிறது. தனியாக ஒரு பத்தி ஒதுக்கவில்லை.

இத்தாலிய இடதுசாரிகள் சிலருக்கு இந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. ஆலைகளில் சண்டை நடக்கும் நேரத்தில், வேலையை நேசிக்கும் தொழிலாளியா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஃபவுஸோனே கைத்திறன் மிக்கவன், பிடிக்காத வேலையை உதறிவிட்டுப் போகக்கூடியவன். நம்மூர் போமனுக்கு அந்த வசதி ஏது? ஆகவே ஃபவுஸோனேயைத் தமிழில் நகலெடுத்தால் பொய்யாகத்தான் வரும். ஆனால் வேலையை அறிந்தவனுக்குத்தான் அதைப் பற்றிச் சிரிக்க முடியும் என்று லெவி கண்டுகொண்டதை நாம் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்புக்குள் தவுக்கேயும் இருப்பார், வறுமையும் இருக்கும்.

என் சித்தப்பா கனரக வாகனப் போமன். ஒருநாள் செம்பனைத் தோட்டத்திலிருந்து இந்தோனேசிய ஆப்பரேட்டர் ஒருவர் போன் செய்திருக்கிறார்: "பாஸ், மெசின் தாக் ஜாலான்." எஞ்சின் ஓடுகிறது, பூம் அசையவில்லை. இரண்டு மணி நேரம் செம்மண் சேற்றில் வண்டியை உருட்டிக்கொண்டு போனால், சீட்டுக்கு இடது பக்கம் உள்ள லாக் லிவர் மேலே தூக்கியபடி இருந்ததாம். அதைக் கீழே இறக்காவிட்டால் ஹைட்ராலிக் வேலை செய்யாது. இறக்கினால் தீர்ந்தது. பக்கத்திலேயே தவுக்கே, கையைக் கட்டிக்கொண்டு.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பெரிய ஸ்பேனரை எடுத்தேன். பின்னால கவரைத் திறந்து அரை மணி நேரம் தட்டினேன். தவுக்கே வெயில் தாங்காம நிழலுக்குப் போனதும் லிவரை எறக்கிட்டேன். அந்தப் பையன் வேல போயிருந்தா பெர்மிட்டும் போயிருக்கும்டா. எனக்கும் பயணக் காசு வரணும்ல?"

ஜாப் ஷீட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "அட்ஜஸ்ட் கண்ட்ரோல் லிவர். பொய்யா?"

இதில் வர்க்கம் இருக்கிறது, குடியேறியின் பயம் இருக்கிறது, கருணை இருக்கிறது, கொஞ்சம் திருட்டும் இருக்கிறது. யாரும் சாகவில்லை. ஆனால் லாக் லிவர் என்றால் என்ன என்று தெரியாதவரால் இந்தக் கதையை எழுத முடியாது.

சாவையே எழுத வேண்டும் என்றாலும் விவரம் வேண்டும். எக்ஸ்கவேட்டரின் ஹைட்ராலிக் அழுத்தம் சுமார் 350 பார் வரை போகும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத பீய்ச்சலாக வரும். கையால் தடவிப் பார்க்கக் கூடாது, அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் தேட வேண்டும். தோலுக்குள் புகுந்தால் முதலில் சின்னப் புள்ளி மட்டுமே தெரியும், வலிகூட அதிகம் இருக்காது. துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தவன் உடனே அறுவை சிகிச்சைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்கலாம். தலைமேல் பக்கெட் விழுவதை எழுதுபவர்கள் இந்தப் புள்ளியைப் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்து நண்பர்கள் கிண்டல் செய்வதாக ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். வாசகருக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்திருந்தால் போதும்.

மொழிச் சிக்கலும் உண்டு. ஹோஸை 'நீரியல் குழாய்' என்று எழுதினால் படித்துவிட்டுச் சித்தப்பா, வீட்டுக்குத் தண்ணி வரலையா என்று கேட்பார். பேச்சில் ஹோஸ், ஓ-ரிங், சீல் என்றே வரட்டும், அடிக்குறிப்பு வேண்டாம். கதைசொல்லியின் தமிழ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. லெவியின் கதைசொல்லியும் படித்தவர்தான். ஆனால் அவர் ஃபவுஸோனேயின் பேச்சைத் திருத்தவில்லை, நடுவில் புகுந்து அவனுக்காக வருத்தப்படவுமில்லை. அவன் சொன்னதில் புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நம் பெங்கேல்களில் பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கிறார்கள். போனால் உட்கார ஒரு பழைய டயராவது கிடைக்கும்.