உறுமியும் உரிப்பொருளும்

உரிப்பொருள் ஒழிந்தன மயங்கலாம் என்பது தொல்காப்பியர் கொள்கை. பறை கருப்பொருளாதலின் அதுவும் மயங்கும். இலண்டனில் ஈழத்தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த பாடகி மாயா அருள்பிரகாசத்தின் இசைமாற்றத்தை ஆராய இவ்விதி துணைசெய்யும்.

தந்தையின் இயக்கப்பெயரைத் தாங்கிய 'அருளர்' (2005) என்னும் இசைத்தொகுப்பிற்குத் தாளம் தந்தது பெரும்பாலும் மின்கருவியே. தாயின் பெயரைத் தாங்கிய 'கலா'விலோ (2007) சென்னையில் பதிவுசெய்த உறுமி முழங்குகிறது. இதனைத் தாய்மரபுக்கு மீண்டமை எனக் கொள்ளலாமோ எனின், ஆகாது. டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிற் பதிந்த ஒலிகளும் அத்தொகுப்பில் விரவியுள்ளன. மீண்டவர் ஒரு நிலத்தில் நிற்பர், இவர் நின்றிலர். முன்னைத் தொகுப்பு போரையும் அகதி வாழ்வையும் பாடிற்று. பின்னதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாட்டு, குடியேறினோரைக் கள்வராகக் காணும் உலகை எள்ளுகிறது. ஆகவே மாறியது கருப்பொருள். புலம்பெயர்ந்தோர் அவலமாகிய உரிப்பொருள் மாறவில்லை. உறுமியொலி கேட்டு மகிழும் திறனாய்வாளர், அது யார் துயரைச் சுமந்து ஒலிக்கிறது என்பதையும் ஆராய்தல் கடன் என்க.