சமயப் பட்டப்படிப்பும் வற்றாப்பளைப் பொங்கலும்

பள்ளியிற் பயிலும் சமயபாடம் பத்தியை வளர்ப்பது. பல்கலைக்கழகத்தில் சமயத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்பதோ வினவப் பழக்குவது. இவ்வேறுபாட்டை நம் மாணவர் பலர் உணர்ந்திலர். வன்னியிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சென்று இந்து நாகரிகம் பயில்வோர் சிலர், சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் பிழையற ஒப்புவிப்பர். நன்று. ஆயின், வைகாசிப் பொங்கலையொட்டிக் கடல்நீரில் விளக்கேற்றும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் மரபினைப் பற்றிக் கேட்பின், “அஃது ஊர்வழக்கு” என ஒதுக்கிவிடுவர். ஆகமத்துள் அடங்காதது ஆய்வுக்கும் ஆகாது போலும்!

இக்குறை சிறிதன்று. கடல்நீரை எடுத்துவரும் முறை, அதற்குரிய நோன்பு, முதியோர் கூறும் கதைகள் ஆகியவற்றுட் பல வாய்மொழியாக வந்தவை. அக்கோயில் நந்திக்கடலை அடுத்துள்ளது. 2009இல் அப்பகுதியிலேயே போர் முடிந்தது. மாண்டோரோடு மறைந்த மரபுச்செய்திகள் எத்துணையென்று யார் கணக்கிட்டார்? பொங்கல் மீண்டும் நிகழ்கின்றது, கூட்டமும் பெரிது. எஞ்சிய முதியோரை அணுகிக் கேட்டெழுதுதல் இளங்கலை மாணவர்க்கு அரிய செயலன்று. தம் பாட்டியாரிடமே தொடங்கலாம். அவ்வாறு எழுதியதை ஆய்வுக் கட்டுரையாக ஏற்க ஆசிரியர்களும் இசைதல் வேண்டும்.